குவிமாடத்தின் கீழே ஓர் இடம்

உலகத்தின் சங்கீத மண்டபங்கள் – 9: லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்

சென்ற வாரம் நாம் பார்த்த வியன்னா நகரத்து மூஸிக்வெரைன் மண்டபம் நீண்ட பெட்டியின் வடிவத்தில், இரு பக்கத்துச் சுவர்களும் நெருங்கி நின்று, வாத்தியங்களின் ஒலியை உடனுக்குடன் கேட்பவரிடம் திருப்பித் தருமாறு அமைந்தது. 1870-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் திறக்கப்பெற்றது. அதற்கு ஒரு வருஷமும் இரண்டு மாதங்களுக்கு மேலும் பிந்தி, 1871-ஆம் வருஷம் மார்ச் மாதம் 29-ஆந் தேதி, விக்டோரியா மகாராணியாரின் முன்னிலையில் லண்டனில் திறக்கப்பெற்ற ராயல் ஆல்பர்ட் ஹாலோ வடிவத்திலும் விஸ்தீரணத்திலும் நோக்கத்திலும் அதற்கு முற்றிலும் மாறானது. வியன்னாவில் எந்த ஆசனத்தில் அமர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே சங்கீதம் காதில் விழும். லண்டனில் ஆசனம் மாறினால் சங்கீதமே மாறிவிடும். ஆகையால் அந்த மண்டபத்துக்குப் போகத் திட்டமிடுகிறவர் எந்தக் கச்சேரி, எந்தத் தேதி என்று யோசிப்பதற்கு ஒப்பாகவே, மண்டபத்தின் எந்த மூலையிலிருந்து கேட்பது என்றும் யோசித்தாக வேண்டும். படிப்பையோ உத்தியோகத்தையோ முன்னிட்டு லண்டனில் குடியேறிவிட்ட மக்களைப் பார்க்கப் போகும் நம்மவர்கள், அரண்மனையையும் பொருட்காட்சி சாலைகளையும் பார்த்து முடித்த பிறகு ஒரு மாலை இந்த மண்டபத்துக்கும் போய்வர விரும்பினால், அவர்களுக்குப் பயன்படக்கூடிய சில விவரங்களை, அந்த மண்டபத்தின் சரித்திரத்தோடு சேர்த்து இந்த வாரம் எழுதுகிறேன். சரித்திரம் தெரியாமல் அங்கே டிக்கெட்டு வாங்குவது கடினம் என்பது கொஞ்சம் படித்தவுடனே விளங்கும்.

1851-ஆம் வருஷம் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மகா கண்காட்சி, செலவெல்லாம் போக 186,000 பவுன் மிச்சம் தந்தது. மகாராணியாரின் கணவரான ஆல்பர்ட் இளவரசர் அந்தப் பணத்தைக் கொண்டு பூங்காவுக்குத் தெற்கே நிலம் வாங்கி, கலைகளும் சாஸ்திரங்களும் தழைக்கும் ஒரு வட்டாரத்தையே உருவாக்க வேண்டும் என்று எண்ணினார். இன்று எக்ஸிபிஷன் ரோடு என்னும் வீதியின் இரு மருங்கிலும் நிற்கும் பொருட்காட்சி சாலைகளும் கல்லூரிகளும் அந்த எண்ணத்தின் விளைவுகளே. அவற்றின் நடுநாயகமாக ஒரு பெரிய சபா மண்டபம் இருக்கவேண்டும் என்பதும் அவருடைய ஆசை. ஆனால் 1861-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அவர் காலமாகிவிட, ஜனங்கள் அவர் ஞாபகார்த்தமாகக் கொடுத்த நன்கொடைகள் எல்லாம் பூங்காவின் ஓரத்தில் எழுந்த நினைவுச் சின்னத்துக்கே செலவாயின. மண்டபத்துக்குப் பணம் இல்லை.

இளவரசரின் நண்பரும் அந்த முயற்சிக்கு உயிர்நாடியாக இருந்தவருமான ஹென்றி கோல், கட்டப்படாத மண்டபத்தின் ஆசனங்களை முன்கூட்டியே விற்பது என்று துணிந்தார். ஆசனம் ஒன்று 100 பவுன். வாங்கியவருக்கு 999 வருஷங்களுக்கு அந்த இடம் சொந்தம். இப்படி 1,300 ஆசனங்களுக்கு மேல் விலைபோன பின்புதான் 1867-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆந் தேதி மகாராணியார் அஸ்திவாரக் கல்லை நாட்டினார். கலைகளுக்கும் சாஸ்திரங்களுக்குமான மத்திய மண்டபம் என்று அதற்கு வைத்திருந்த பெயரை மாற்றி, காலஞ்சென்ற தம் கணவரின் பெயரை அதற்கு முன்னே சேர்க்கவேண்டும் என்று அவர் அறிவித்ததும் அந்த விழாவில்தான்.

நூற்றைம்பது வருஷங்களுக்கு முந்தைய இந்த ஏற்பாடு இன்றைக்கு டிக்கெட்டு வாங்கப் போகிற நம்மையும் நேரே பாதிக்கிறது. மண்டபத்தின் 5,272 ஆசனங்களில் ஏறக்குறைய 1,270 ஆசனங்கள் இன்னமும் தனிப்பட்டவர்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் சொந்தமாகவே இருந்து வருகின்றன. தாத்தா வாங்கியது பேரனுக்கு வந்திருக்கும், அல்லது பெருந்தொகைக்குக் கைமாறியிருக்கும். உரியவர் கச்சேரிக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். வராதபோது அந்த இடத்தை மண்டபத்தாரிடமே திருப்பிக் கொடுத்து அசல் விலையைப் பெறுகிறவர்களும் உண்டு, வெளி வியாபாரிகளின் மூலம் அசலைப்போலப் பல மடங்குக்கு விற்கிறவர்களும் உண்டு. தர்ம ஸ்தாபனமாக நடக்கும் ஒரு பொது மண்டபத்தில் இவ்வாறு நடப்பது முறையா என்று இங்கிலாந்தில் நெடுங்காலமாக வாதம் நடந்துவருகிறது. முறையல்ல என்பதே என் அபிப்பிராயம். அது எப்படி ஆயினும், வாசகர்கள் மண்டபத்தாரின் சொந்த டிக்கெட்டு அலுவலகத்தையும் அவர்களுடைய வலைத்தளத்தையும் தவிர வேறெங்கும் பணம் கட்டவேண்டாம். அங்கே டிக்கெட்டு தீர்ந்துவிட்டது என்று காணப்பட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. கச்சேரி நாள் நெருங்க நெருங்க, திருப்பித் தரப்பட்ட ஆசனங்கள் ஒன்றும் இரண்டுமாக அங்கேயே மறுபடி தோன்றும்.

மண்டபத்தை வரைந்தவர் ராணுவப் பொறியியற் படையைச் சேர்ந்த காப்டன் பிரான்ஸிஸ் போக். தென் பிரான்ஸிலுள்ள ரோமானிய வட்டரங்குகளின் இடிபாடுகளைக் கண்டு வந்த ஹென்றி கோலுக்கு அந்த வடிவத்தின் மேலேயே மோகம் இருந்தது. போக் வரைந்ததும் அதே வடிவம், நீள்வட்டம். வேலை தொடங்குவதற்கு முன்பே, 1865-ஆம் வருஷம், போக் இறந்துபோக, அதே படையைச் சேர்ந்த ஹென்றி ஸ்காட் என்பவர் பொறுப்பேற்று முடித்தார். ஏறக்குறைய அறுபது லட்சம் செங்கற்களும் எண்பதாயிரம் சுட்ட மண் பாளங்களும் அதில் அடங்கியிருக்கின்றன. அதன் மேலுள்ள இரும்பும் கண்ணாடியுமான குவிமாடத்தை முதலில் மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலையில் முழுவதும் பொருத்திப் பார்த்து, பிறகு பிரித்து லண்டனுக்குக் கொண்டுவந்து, மரச் சாரத்தின்மேல் ஏற்றி அமைத்தார்கள். சாரத்தை அகற்றும் நாள் வந்தபோது, அவ்வளவு பெரிய இரும்புக் கூரை தன் பாரத்தைத் தானே தாங்குமா என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே, தாங்களாக முன்வந்தவர்களைத் தவிர மற்றவர்கள் எல்லோரையும் கட்டடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். கடைசி ஆப்பையும் தட்டி எடுத்தபோது குவிமாடம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு மட்டும் கீழே இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. இன்றும் நிற்கிறது.

ஆனால் கண்ணுக்கு இவ்வளவு அழகான அந்த வடிவம் காதுக்கு உகந்ததாக அமையவில்லை. ரோமானியர் வட்டரங்கு கட்டியது வாள்வீரர்களின் போரையும் மிருகப் போரையும் பார்ப்பதற்காக; சுற்றி உட்கார்ந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் நடுவில் நடப்பது தெரிந்தால் அவர்களுக்குப் போதும். சங்கீதத்துக்கு அது போதாது. உட்குழிந்த சுவரும் உட்குழிந்த கூரையும் தங்கள்மீது படும் ஒலியைப் பரப்பிவிடாமல் திரட்டி ஓரிடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும் இயல்புடையவை. அத்துடன், குவிமாடத்தின் உட்புறம் தரையிலிருந்து ஏறக்குறைய 135 அடி உயரத்தில் இருக்கிறது. ஒலி ஒரு விநாடியில் சுமார் 1,100 அடி செல்லும் என்பதை நினைத்தால், மேடையில் எழும் ஸ்வரம் கூரை வரை சென்று கீழே திரும்பி வருவதற்குக் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும் என்பது தெரியும். நேரே வந்த ஒலிக்கும் சுற்றி வந்த ஒலிக்கும் இடையே விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவு தாமதம் இருந்தாலே நம் செவி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து உணரத் தொடங்கிவிடும் ஆதலால், அந்த மண்டபத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்டது.

திறப்பு விழாவன்றே அது வெளிப்பட்டுவிட்டது. கணவரின் நினைவால் நெஞ்சு நெகிழ்ந்து மகாராணியார் பேச முடியாமல் நிற்க, அவர் சார்பில் மூத்த மகனான வேல்ஸ் இளவரசர் மண்டபம் திறக்கப்பெற்றதாக அறிவித்தார்; லண்டன் பிஷப் பிரார்த்தனையை முடித்துச் சொன்ன ஆமென் என்ற சொல் கூரைக்குப் போய்த் திரும்பிவந்து சபையோரின் காதில் மறுபடியும் விழுந்தது. அதற்குப் பரிகாரமாகக் குவிமாடத்தின் கீழே ஒரு பெரிய துணி விதானம் கட்டினார்கள். எழுபது வருஷங்களுக்கு மேல் அதுதான் ஒரே மருந்தாக இருந்தது. 1949-ஆம் வருஷம் அதை எடுத்துவிட்டு, குவிமாடத்தின் உட்புறம் முழுவதும் வரிவரியான அலுமினியத் தகடுகளைப் பதித்தார்கள். அப்போதும் எதிரொலி அடியோடு போகவில்லை. கடைசியில் 1969-ஆம் வருஷம், கண்ணாடி நாரினால் செய்த பெரிய வட்டத் தட்டுகளை வெவ்வேறு உயரங்களில் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மேலே ஏறும் ஒலியைப் பாதி வழியிலேயே மறித்துச் சிதறடிக்கச் செய்தபோதுதான் நிலைமை சீரடைந்தது. காளான்கள் என்று லண்டன்வாசிகள் அவற்றுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இப்போது 85 தட்டுகள் தொங்குகின்றன. உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்தினால் நீலநிற விளக்கொளியில் முதலில் கண்ணில் படுபவை அவைதாம்.

இத்தனை சிகிச்சைக்குப் பிறகும் மண்டபத்தின் சுபாவம் மாறிவிடவில்லை. எங்கே உட்காருவது என்ற கேள்வி அதனாலேயே எழுகிறது.

கீழ்த்தளத்தின் நடுப்பகுதிக்கு அரீனா என்று பெயர். அதைச் சுற்றிப் படிப்படியாக எழும்பும் வரிசைகள் ஸ்டால்ஸ். இந்த ஆசனங்கள் திரும்பக்கூடியவை, ஆகையால் பக்கவாட்டில் இடம் கிடைத்தாலும் மேடையை நேராகப் பார்த்து அமரலாம். அதற்கும் மேலே மூன்று அடுக்குகளாகப் பாக்ஸ்கள் என்னும் சிறு அறைகள். திரைச் சீலையும் தனிக் கதவும் கொண்ட அந்த அறைகளில் சௌகரியம் அதிகம். ஆனால் பின் நாற்காலியில் அமர்பவருக்கு முன்னே உள்ளவர்களின் தலைகளும் மேலே உள்ள அடுக்கின் தரையும் ஒலியைச் சற்று மங்கச் செய்துவிடும் என்பதால், பாக்ஸில் இடம் எடுப்பவர்கள் முன் நாற்காலியைக் கேட்டு வாங்குவது நலம். பாக்ஸ்களுக்கு மேலே ஸர்க்கிள் என்னும் உயர்ந்த வட்டம்: அங்கே படிகள் செங்குத்தானவை, வரிசைகளுக்கு நடுவே முழங்காலுக்கு இடம் குறைவு, மூட்டுவலி உள்ள பெரியவர்களை அங்கே அழைத்துச் செல்ல நான் யோசனை சொல்லமாட்டேன். ஆனால் அதன் நடுப்பகுதியில், மேடைக்கு நேர் எதிரே கிடைக்கும் இடத்தில், வாத்தியங்களின் ஒலி ஒன்றோடொன்று கலந்து நல்ல சமநிலையில் வந்து சேரும். எல்லாவற்றுக்கும் உச்சியில், குவிமாடத்தின் விளிம்பைச் சுற்றி, வளைவுகளுக்கு இடையே ஓடும் அகலமான தாழ்வாரந்தான் காலரி.

மேடைக்குப் பின்னால், பாடகர் குழு அமர்வதற்கென்று உள்ள படிவரிசைகளைக் குழுப் பாடல் இல்லாத நாட்களில் ரசிகர்களுக்கு விற்கிறார்கள். வாத்திய கோஷ்டியை நடத்துபவரின் முகத்தையும் கைகளையும் கண்களையும் எதிரே நின்று பார்க்கும் பாக்கியம் அங்கே கிடைக்கும். நம் கச்சேரிகளில் வித்வானின் முகபாவத்தோடு சேர்த்தே சங்கீதத்தை அனுபவித்துப் பழகிய நமக்கு அது மிகவும் பிடிக்கும். ஆயினும் பித்தளை ஊதுவாத்தியங்களும் பேரிகைகளும் காதருகிலேயே முழங்கும். வயலின்கள் அவற்றுக்கு அப்பால் தூரத்தில் கேட்கும். தனிப் பாடகர் ஒருவர் பாடும் நாளில் அங்கே உட்காரவே கூடாது. அவர் குரல் முழுவதும் மறுபுறம் போய்விடும், நமக்கு மிஞ்சுவது அவர் முதுகு.

இந்த இடங்கள் எல்லாவற்றிலும் மிக நல்ல இடங்கள் இரண்டும் மிக மலிவானவை என்பதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். அதற்கு ப்ராம்ஸ் என்று பெயர்பெற்ற கோடைக்காலக் கச்சேரிகளின் கதையைச் சொல்லவேண்டும். 1895-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், குவீன்ஸ் ஹால் என்ற வேறொரு மண்டபத்தில், அதன் நிர்வாகியான ராபர்ட் நியூமன் என்பவர், சாதாரண ஜனங்களும் உயர்ந்த சங்கீதத்தைக் கேட்கவேண்டும், கொஞ்சங் கொஞ்சமாக அவர்கள் ரசனையை வளர்க்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, ஒரு ஷில்லிங்குக்கு நின்றுகொண்டு கேட்கும் கச்சேரித் தொடரை ஆரம்பித்தார். இருபத்தாறே வயது நிரம்பிய ஹென்றி உட் என்ற இளைஞரிடம் வாத்திய கோஷ்டியை ஒப்படைத்தார். உட் அந்தப் பணியை ஏறக்குறைய ஐம்பது வருஷங்கள், 1944-ல் காலமாகும் வரையில், செய்தார். 1927-ல் பி.பி.சி. அந்தத் தொடரை ஏற்று நடத்த முன்வந்தது. 1941-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆந் தேதி இரவு ஜெர்மானிய விமானங்களின் குண்டு விழுந்து குவீன்ஸ் ஹால் எரிந்து சாம்பலாயிற்று. இடிபாடுகளிலிருந்து ஹென்றி உட்டின் வெண்கல மார்பளவுச் சிலை மட்டும் மீட்கப்பட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தக் கோடையிலேயே, கச்சேரிகள் ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் மாறின. அன்றிலிருந்து அவற்றுக்கு அதுவே வீடு. ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சிலையைக் கொண்டுவந்து ஆர்கன் வாத்தியத்துக்கு முன்னே வைத்து, கடைசி இரவில் அதற்கு இலைமாலை சூட்டுகிறார்கள்.

நின்று கேட்கும் வழக்கமும் அப்படியே தொடர்ந்து வருகிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நடக்கும் அந்த எட்டு வாரங்களில் அரீனாவிலுள்ள நாற்காலிகளை அகற்றிவிட்டு, அங்கேயும் உச்சியிலுள்ள காலரியிலுமாக, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்று கேட்க இடம் விடுகிறார்கள். சமீப வருஷங்களில் அதன் கட்டணம் 8 பவுன். கச்சேரி நாளன்றே விற்பனை. பாக்ஸில் உட்காருபவர் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துவிட்டு அரீனாவின் முன்வரிசையில் நிற்பவர், வாத்திய கோஷ்டியை நடத்துபவருக்கு மிக அருகில், வயலின் வில்லின் சரசரப்புக் கேட்கும் தூரத்தில் நிற்கிறார். நேரே வரும் ஒலி அங்கே அவ்வளவு பலமாக இருப்பதால், கூரையிலிருந்து பிந்தி வரும் ஒலி காதில் ஏறுவதே இல்லை.

காலரியில் அனுபவம் வேறு. ப்ரூக்னரின் ஸிம்பனி ஒன்றை அங்கிருந்து நான் கேட்ட மாலை நன்றாக நினைவிருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்கள் தரையில் ஜமுக்காளம் விரித்து, காலணிகளைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, சிலர் சுவரில் சாய்ந்தும் சிலர் மல்லாந்து படுத்தும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அருகில் நரைத்த தலையுடைய ஒரு மாது ஸிம்பனியின் ஸ்வரக்குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்து, பென்சிலின் பின்முனையால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போனார். பக்கம் புரட்டும்போது தாளின் ஓசை எழாதபடி, அடுத்த பக்கத்தின் மூலையை முன்கூட்டியே உயர்த்தி விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். கீழே தாழ் ஸ்தாயியில் ஆரம்பித்த இசை, பரந்த அந்த வெளி முழுவதையும் நிரப்பிக்கொண்டு மேலே ஏறிவந்தபோது, இது எந்த வாத்தியம், அது எந்த வாத்தியம் என்று பிரித்தறிய முடியவில்லை. பிரித்தறியத் தோன்றவும் இல்லை. குவிமாடத்துக்கு அவ்வளவு அருகில் இருப்பதால் ஒலி மேலே போய்த் திரும்பி வருவதற்கு அங்கே நேரமே ஆவதில்லை. மண்டபத்தின் பெருங் குற்றம் அந்த ஓரிடத்தில் குணமாகிவிடுகிறது. அதே ப்ரூக்னர் 1871-ஆம் வருஷம் லண்டனுக்கு வந்து, புதிதாகத் திறந்த இந்த மண்டபத்தில், ஹென்றி வில்லிஸ் நிர்மாணித்த ஆர்கனை வாசித்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய பத்தாயிரம் குழாய்கள் கொண்ட அந்த ஆர்கன், பலமுறை புதுப்பிக்கப்பட்டு, இன்றும் மேடைக்குப் பின்னே கோபுரம்போல் எழுந்து நிற்கிறது.

அரீனாவிலும் காலரியிலும் நிற்பவர்கள் தங்களுக்குள் ஒரு தனிச் சமூகம். பியானோ வாசிக்கும் நாளில் அதன் மூடியைத் தூக்கி நிறுத்தும்போது, அரீனாவிலுள்ளவர்கள் ஒரே குரலாக ஹீவ் என்று கூவ, உச்சியிலுள்ள காலரிக்காரர்கள் ஹோ என்று பதில் கூவுவார்கள். மண்டபத்தின் உயரத்தை அந்த ஒரு விநாடியில் காதாலேயே அளந்துவிடலாம். இசை தொடங்கிவிட்டாலோ அவர்களைப்போல் அசையாமல் நின்று கேட்பவர்களை வேறெங்கும் காண்பது அரிது. கஷ்டத்திலிருக்கும் சங்கீதக் கலைஞர்களுக்கான தர்ம ஸ்தாபனங்களுக்காகக் கச்சேரி முடிந்ததும் வாளியேந்தி வாசலில் நிதி திரட்டுகிறவர்களும் அவர்களே.

எந்தக் கச்சேரிக்குப் போவது என்பதிலும் மண்டபத்தின் சுபாவத்தை அனுசரிக்க வேண்டும். நான்கு பேர் அமர்ந்து வாசிக்கும் மென்மையான சங்கீதம் அங்கே காற்றில் கரைந்துபோகும்; அதற்கு அதே லண்டனில் 1901-ல் திறந்த விக்மோர் ஹால் என்ற சிறு மண்டபம் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னொரு வாரம் எழுதுவேன். ஆல்பர்ட் ஹால் கேட்பது பெருங்கூட்டமான வாத்தியங்களையும் நூற்றுக்கணக்கான குரல்களையும். வெர்டி தம்முடைய ரெக்வியத்தை 1875-ல் அங்கே தாமே நடத்தினார். வாக்னர் 1877-ல் வந்து தம் இசையை அங்கே நடத்தினார். ஹாண்டலின் மெஸாயாவை ராயல் கோரல் சொஸைட்டி என்ற பாடகர் குழு 1876 முதல் புனித வெள்ளிதோறும் பாடிவருகிறது. யுத்த காலத்தில் குண்டுவீச்சு கடுமையாக இருந்தபோது அது தடைப்பட்டது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் லண்டனில் இருப்பவர்கள் அந்த ஒரு நாளைத் தவறவிடக் கூடாது.

நம் சங்கீதமும் அந்தக் கூரையின் கீழே ஒலித்திருக்கிறது. 1974-ஆம் வருஷம் லதா மங்கேஷ்கர் அங்கே பாடினார். அதே வருஷம் செப்டம்பர் மாதம் ரவிசங்கரின் தலைமையில் இந்தியாவிலிருந்து சென்ற பெரிய வாத்தியக் குழு ஒன்று அங்கே வாசித்தபோது, ஸந்தூரும் புல்லாங்குழலும் தபலாவும் அடங்கிய அந்தக் கூட்டத்தில் எல். சுப்ரமணியத்தின் வயலினும் டி. வி. கோபாலகிருஷ்ணனின் மிருதங்கமும் சேர்ந்திருந்தன. மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று மோதாமல் தெளிவாக விழவேண்டுமானால் எதிரொலி அடங்கிய இடம் வேண்டும். காளான்கள் தொங்கவிடப்பட்டு அப்போது ஐந்தே வருஷங்கள் ஆகியிருந்தன. 1969-க்கு முன்பு அந்தக் கச்சேரி நடந்திருந்தால் ஒரு தீர்மானத்தின் கடைசிச் சொல்லோடு முதற்சொல்லும் வந்து சேர்ந்திருக்கும்.

பிரயாண ஏற்பாடுகளில் அதிகச் சிக்கல் இல்லை. விமான நிலையமாகிய ஹீத்ரோவிலிருந்தே பிக்காடிலி மார்க்கத்துப் பாதாள ரயில் ஸவுத் கென்ஸிங்டன் நிலையத்துக்கு நேரே வருகிறது. அங்கிருந்து பொருட்காட்சி சாலைகளை நோக்கிச் செல்லும் சுரங்க நடைபாதையில் நடந்து, எக்ஸிபிஷன் ரோடு வழியாகப் போனால், நிதானமாக நடப்பவருக்குக் கால் மணி நேரம். படியேற முடியாதவர்கள் 9 அல்லது 52-ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் மண்டபத்தின் வாசலிலேயே இறங்கலாம். வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வாசல்கள் எண்ணிட்டு இருக்கின்றன. டிக்கெட்டில் குறித்த வாசலைக் கண்டுபிடிக்காமல் கிடைத்த வாசலில் நுழைந்துவிட்டால், எல்லாத் தாழ்வாரங்களும் ஒன்றுபோலவே வளைந்து செல்வதால் திசை தெரியாமல் போகும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். இசை தொடங்கிய பின் வருபவர்கள் இடைவெளி வரும்வரை வெளியே நிற்கவேண்டியதுதான். ஆகையால், ஏழரை மணிக் கச்சேரிக்கு ஆறரைக்கே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. டிக்கெட்டு வாங்கும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

ப்ராம்ஸ் கச்சேரிகளின் நிரல் ஏப்ரல் மாதத்தில் வெளியாகும், ஆசன டிக்கெட்டுகள் மே மாதத்தில் விற்பனைக்கு வரும். கொடிகளும் கோஷங்களுமாக நடக்கும் கடைசி இரவுக்கு இடம் பிடிக்கவே பலர் முயல்கிறார்கள். அதே தொடரில் வேறு பல கச்சேரிகளுக்கு டிக்கெட்டு எடுத்தவர்களுக்கே அதில் முன்னுரிமை என்பதால், கொஞ்ச நாட்கள் தங்கப் போகிறவர்களுக்கு அந்த முயற்சி வேண்டியதில்லை, அன்று சங்கீதத்தைவிட விழாக்கோலமே மிகுதி. அதை விட்டுவிட்டு, ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவின் பெரிய வாத்திய கோஷ்டிகள் வரும் நாட்களைப் பார்த்து, ஒரே கோஷ்டி அடுத்தடுத்து இரண்டு இரவுகள் வாசிக்கும் சந்தர்ப்பம் இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாசிக்கப் போகும் கிருதிகளை ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறையாவது இசைத்தட்டிலோ வானொலியிலோ கைப்பேசியிலோ கேட்டு, எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கால்கள் இரண்டு மணி நேரம் நிற்கச் சம்மதிக்குமானால், முதல் இரவு காலரியிலும் மறுநாள் அரீனாவிலும் நின்று கேளுங்கள். இரண்டுக்கும் சேர்ந்து 16 பவுன் ஆகும். மூன்றாவது முறை போகும்போது எங்கே இடம் எடுப்பது என்று எவரையும் கேட்கவேண்டியிராது.

(அடுத்த வாரம்: ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கன்ஸெர்ட்கெபௌ)